ஒருவர் பெயரில் எல்லோரும்

ஒரு சாப்ட்வேரை யார் இன்ஸ்டால் செய்தாரோ அவருக்கு மட்டும் அது ஓடும். அதே மெஷினில் இன்னொருவர் தன் பெயரில் லாகின் செய்தால் ஓடாது. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்த கோளாறுதான். இதற்குப் பல வருடங்களாக நான் ஒரே வைத்தியம்தான் செய்துவந்தேன். "யார் பேர்ல ஓடுதோ அவங்க பேர்லயே எல்லாரும் உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காரணத்தைத் தேடத் தெரியாமல் இல்லை. தேடினால் நேரமாகும், அடுத்த இடத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். இந்த வைத்தியத்தால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது, அதுவும் திருட்டுப் பட்டத்தோடு. அவருக்காகப் பேசியிருக்க வேண்டிய ஆள் நான். பேசவில்லை.

கோளாறின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் தனி இடம் உண்டு. சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அவரவர் பெயரில் அது இருக்கும். டெஸ்க்டாப்பில் தெரியும் ஐகான்கள், செட்டிங்குகள், ஆப்டேட்டா என்று மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் எல்லாம் அதற்குள்தான். எல்லோருக்கும் பொதுவான இடம் புரோகிராம் ஃபைல்ஸ். ரெஜிஸ்ட்ரியிலும் இதே பாகப்பிரிவினைதான்: கரண்ட் யூசர் என்ற கிளை அவரவருக்கு, லோக்கல் மெஷின் என்ற கிளை எல்லோருக்கும். ஒரு சாப்ட்வேர் பொது இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு வேண்டிய ஏதோ ஒன்றை மட்டும் இன்ஸ்டால் செய்தவரின் தனி இடத்தில் விட்டுவந்தால் மற்றவர்களுக்கு ஓடாது. பொதுக் கிணற்றின் வாளியை ஒருவர் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்ட மாதிரி.

பழைய சாப்ட்வேர்களில் இது அதிகம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, செட்டப்பின்போது உருவாக்கிய யூசர்கள் எல்லோருமே அட்மின்கள். எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், தடுக்க ஆளில்லை. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் உள்ளூர் புரோகிராமர்கள் எழுதிக் கொடுத்த பில்லிங், ஃபீஸ், மருந்துக்கடை சாப்ட்வேர்கள் பலவும் அந்தச் சுதந்திரத்தை நம்பியே எழுதப்பட்டவை. 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விஸ்டா இந்த வழக்கத்தை நிறுத்தியது. சாதாரணமாக ஓடும் புரோகிராம் எதுவும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதக்கூடாது என்றது. ஆனால் அப்படியே தடுத்தால் பழைய சாப்ட்வேர்கள் அத்தனையும் படுத்துவிடும். அதற்காக விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன், எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது.

அந்தத் தனியார் பள்ளி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ஃபீஸ் சாப்ட்வேர் நான் சொன்ன ரகம்தான்: விஷுவல் பேசிக்கில் எழுதியது, ஆக்ஸஸ் ஃபைலில் கணக்கு. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பழைய மெஷின் மண்டையைப் போட்டதும் புது விண்டோஸ் 10 மெஷின் வாங்கி, அதில் ஏற்றித் தரச் சொன்னார்கள். புதுக் கணக்கு, வெற்று ஃபைலில் தொடங்க வேண்டும். ஃபீஸ் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அவர் பெயரில்தான் மெஷினில் யூசர் இருந்தது. அதையே அட்மினாக மாற்றி, அதிலேயே இன்ஸ்டால் செய்தேன். சாப்ட்வேர் ஆக்ஸஸ் ஃபைலைக் கண்டுபிடிக்க ஓ.டி.பி.சி. என்ற விண்டோஸ் செட்டிங்கில் டி.எஸ்.என். என்று ஒன்றைக் கையால் போட வேண்டும். கணக்கு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சாப்ட்வேருக்குச் சொல்லும் விலாசம் அது. ஓ.டி.பி.சி.யைத் திறந்தால் முதலில் நிற்கும் பக்கம் யூசர் டி.எஸ்.என். அதற்கு அடுத்த பக்கம் சிஸ்டம் டி.எஸ்.என். நான் முதல் பக்கத்திலேயே ஆட் பட்டனை அமுக்கினேன். ஓடியது. ஒரு ரசீது அடித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம். போன் வந்தது. தலைமை எழுத்தர் தன் பெயரில் உள்ளே போனால் ஐகானே இல்லை என்றார். போய் ஐகானைக் காப்பி செய்து வைத்தேன். கிளிக் செய்ததும், டேட்டா சோர்ஸின் பெயர் கிடைக்கவில்லை, டிரைவரும் குறிப்பிடப்படவில்லை என்று எரர். இந்தத் துறையில் இருப்பவனுக்கு அதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் பேச முடியாது. விலாசம் இந்த யூசருக்குத் தெரியவில்லை என்கிறது. அவருடைய லாகினிலேயே இன்னொரு யூசர் டி.எஸ்.என். போட்டேன். சாப்ட்வேர் திறந்தது. உள்ளே ஒரு ரசீதுகூட இல்லை. அந்த வாரம் முழுக்க வசூலித்த பணம், ஒரு வரி இல்லை.

எனக்குக் கைகால் வெலவெலத்துப் போனது. அவசரமாக அந்தப் பெண்ணின் லாகினுக்குத் திரும்பினேன். அங்கே எல்லாக் கணக்கும் பத்திரமாக இருந்தது. ஒரே ஃபைலின் விலாசத்தைத்தான் இரண்டு இடத்திலும் கொடுத்திருந்தேன். ஓரிடத்தில் முழுக்கணக்கு, மற்றதில் காலி. ஏன் என்று நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான். வெளியே பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். எதையாவது தொட்டுக் கணக்கு அழிந்துவிட்டால் என் தலையில் விடியும் என்ற பயம்தான் இருந்தது. தலைமை எழுத்தரின் லாகினில் போட்டதை எடுத்துவிட்டு, "இதுல போக வேண்டாம் சார், அவங்க ஐடியிலயே எல்லாரும் போட்டுக்குங்க" என்றேன்.

அந்தப் பெண் அப்போதே கேட்டார். "என் பாஸ்வேர்டை எல்லாருக்கும் குடுக்கணுமா அண்ணே? ரசீதுல என் பேருல்ல வரும்?"

சாப்ட்வேருக்கென்று தனியாகப் பாஸ்வேர்ட் கிடையாது. விண்டோஸில் யார் பெயரில் லாகின் செய்திருக்கிறார்களோ அந்தப் பெயரை எடுத்து ஒவ்வொரு ரசீதிலும் பதிந்துகொள்ளும். அவர் அதைக் கவனித்திருந்தார். அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "ஒரே ஆபீஸ்தானம்மா, என்ன வரப்போகுது" என்று சொல்லி, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் கீழ்ச் சட்டத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். என் கையெழுத்துதான் அது.

பிறகு டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழை அடிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே தமிழுக்குப் பாமினி ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். அந்தப் பெண்ணின் லாகினில் சான்றிதழ் அழகாக வந்தது, மற்றவர்கள் லாகினில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டை ரைட் கிளிக் செய்து வெறுமனே இன்ஸ்டால் என்று கொடுத்தால் அது அந்த யூசருக்கு மட்டுமே போகும். எல்லா யூசருக்கும் வேண்டுமென்றால் அதற்குக் கீழே தனி வரி இருக்கிறது. பார்வையை ஒரு வரி இறக்கினால் முடிந்துபோகும் வேலை. நான் என்ன சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை. அதன் பிறகு அந்த ஆபீஸில் மற்ற லாகின்களை யாரும் தொடுவதே இல்லை. காலையில் மெஷினை ஆன் செய்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணின் பெயரில் உள்ளே போனார். அவர் லீவில் இருந்தாலும் அவர் பெயர் வேலைக்கு வந்தது.

கல்வி ஆண்டு முடிவில் ஆடிட்டர் கணக்குப் பார்த்தபோது, ரசீது போட்டபின் கேன்சல் ஆனவை சில அகப்பட்டன. பெற்றோர்கள் கையில் ரசீது இருக்கிறது, கணக்கில் கேன்சல், பெட்டியில் பணம் இல்லை. தாளாளர் என்னைக் கூப்பிட்டு கேன்சல் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர். வேறு பெயர் வர வழியே இல்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்ல?" என்று கேட்டார்.

"ரெக்கார்டுல அந்த ஐடிதான் சார் இருக்கு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இவ்வளவும். அதில் பொய் எதுவும் இல்லை. பொய் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அந்த நொடியில் என் மனம் தேடிப்பிடித்த வாக்கியம் அது. 'இந்த ஐடியில் ஆபீஸே போகிறது சார், நான்தான் அப்படிப் போகச் சொன்னேன், இந்தப் பெயரை வைத்து ஒருவரையும் ஒன்றும் சொல்ல முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் அப்படிப் போகச் சொன்னாய் என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஊரில் இன்னும் நாலு பள்ளிக்கு நான்தான் சர்வீஸ். தலைமை எழுத்தரும் அந்த அறையில்தான் நின்றார். அவருக்கும் தெரியும், அவரும் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. பணத்தை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஏற்பாட்டால் அதை யாரும் தெரிந்துகொள்ளவே முடியாமல் போனது.

அந்தப் பெண் அழுதார், எல்லோரும்தானே என் ஐடியில் போகிறார்கள் என்று சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாட்டிக்கொண்டதும் ஊர்மேல் பழி போடுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். போலீஸுக்குப் போகவில்லை, இருந்த சம்பள பாக்கியைக் கழித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதைப் பெரிய மனது என்றும் பேசினார்கள்.

அதற்குப் பிறகு தாளாளர் மறுபடி கூப்பிட்டார். மெஷினில் அந்தப் பெண்ணின் பெயரே இருக்கக்கூடாது, எடுத்துவிடு என்றார். தலைமை எழுத்தரின் லாகினில் உட்கார்ந்து அந்த அக்கவுண்டை டெலீட் செய்யப் போனேன். அக்கவுண்டோடு அதன் டேட்டாவும் போய்விடும் என்று விண்டோஸ் எச்சரித்தது. அன்று மட்டும் ஏனோ கை நின்றது. அந்தக் காலிக் கணக்கு ஞாபகம் வந்தது. கேன்சல் கொடுத்துவிட்டு, புராசஸ் மானிட்டரை இறக்கினேன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006இல் மைக்ரோசாப்ட் அவர்கள் நிறுவனத்தை வாங்கிய பிறகும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது, ரெஜிஸ்ட்ரியில் எதைத் தேடுகிறது, எங்கே இல்லை என்ற பதில் கிடைக்கிறது, எங்கே அனுமதி மறுக்கப்படுகிறது என்று வரிவரியாகக் காட்டும். பெயர் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, இந்த மாதிரி வேலைக்கு அதைத் திறந்ததில்லை.

மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அந்தப் பெண்ணின் லாகினுக்குள் போய் ஃபீஸ் சாப்ட்வேரை ஓடவிட்டேன். கணக்கு ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுதப்படவே இல்லை. அவருடைய ஆப்டேட்டாவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. விஸ்டாவில் வந்தது என்று சொன்னேனே, அந்த ஏற்பாடு இதுதான். பழைய 32 பிட் சாப்ட்வேர் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத வந்தால், விண்டோஸ் அதைத் தடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல், அந்த யூசரின் சொந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அந்த சாப்ட்வேர் தான் பொது ஃபைலில் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு யூசர் திறந்தால் அவருக்குக் கிடைப்பது பழைய, தொடப்படாத ஃபைல். தலைமை எழுத்தரின் லாகினில் நான் பார்த்த காலிக் கணக்கு அதுதான்.

ஆக, பள்ளியின் ஓராண்டு வசூல் முழுக்க, அவர்கள் துரத்திவிட்ட பெண்ணின் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. தினமும் பென்டிரைவில் பேக்கப் எடுக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருந்தேன். விண்டோஸின் சொந்தக் கட்டளைகளுக்கு இந்தத் திருப்பிவிடுதல் கிடையாது. அதனால் அது ஒவ்வொரு நாளும் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அந்தக் காலி ஃபைலைத்தான் ஒழுங்காகக் காப்பி எடுத்துவந்திருக்கிறது. பென்டிரைவில் இருந்த எல்லா ஃபைல்களும் ஒரே சைஸ். நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

சரிசெய்வதற்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. வர்ச்சுவல்ஸ்டோரிலிருந்து கணக்கு ஃபைலை எடுத்து சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். அந்த ஃபோல்டருக்கு எல்லா யூசருக்கும் மாடிஃபை அனுமதி கொடுத்தேன். ஃபைலுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, ஏனென்றால் ஆக்ஸஸ் திறக்கும்போது பக்கத்தில் ஒரு லாக் ஃபைலை உருவாக்கும், அதற்கு ஃபோல்டரில் இடம் வேண்டும். பழைய யூசர் டி.எஸ்.என்.னை நீக்கினேன். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் யூசருடையதுதான் முந்திக்கொள்ளும். 32 பிட் ஓ.டி.பி.சி.யைத் திறந்து சிஸ்டம் டி.எஸ்.என். போட்டேன். ஃபான்ட்டை எல்லோருக்கும் ஏற்றினேன். அட்மின் அதிகாரம் இல்லாத புது யூசர் ஒன்றை உருவாக்கி, அதில் போய் ரசீது, கேன்சல், டி.சி. எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஓடியது. ஜூன் மாதத்திலேயே இதைச் செய்திருந்தால் ஒவ்வொரு கேன்சலிலும் செய்தவர் பெயர் இருந்திருக்கும்.

அன்றுகூட நான் தாளாளரிடம் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னேன். இதை எழுதும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். ஜூனில் அவசரம் இருந்தது, ஆடிட் சமயத்தில் பயம் இருந்தது. அன்று இரண்டும் இல்லை. ஆதாரம் கண் முன்னால் இருந்தது.

2024 தொடக்கத்தில் பிரிட்டன் தபால்துறை விவகாரம் பற்றிப் படித்தேன். ஹொரைசன் என்ற கணக்கு சாப்ட்வேர் பணம் குறைகிறது என்று காட்டியதை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்களைத் திருடர்கள் என்றும் மோசடிக்காரர்கள் என்றும் தண்டித்திருக்கிறார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வெளியிலிருந்து சப்போர்ட் ஆட்கள் அந்தக் கிளைக்காரர் செய்ததுபோலவே கணக்கில் பதிவு போட முடிந்தது என்பது 2019இல் அங்கே நீதிமன்றத் தீர்ப்பிலேயே வந்தது. அதைத் தெரிந்த டெக்னிக்கல் ஆட்கள் இருந்தார்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. என் விஷயம் அளவில் சின்னது. ஆனால் அந்த ஆட்கள் நின்ற இடத்தில்தான் நானும் நின்றேன்.

அதன் பிறகுதான் பள்ளிக்குப் போனேன். தேதி வாரியாகக் கேன்சல் பட்டியலை எடுத்து, ஆபீஸ் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். கேன்சல்களில் ஒன்று அந்தப் பெண் லீவில் இருந்த நாளில் நடந்திருந்தது. ஆடிட் சமயத்தில் தாளாளரிடம் கொடுத்த பிரிண்டில் பெயரும் தொகையும்தான் இருந்தன, தேதி இல்லை. தேதியோடு எடுக்க எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானாகவும் எடுக்கவில்லை.

தாளாளர் பொறுமையாகக் கேட்டார். "அது முடிஞ்சுபோன கதை தம்பி, இப்ப அதைக் கிளறினா ஸ்கூல் பேருல்ல கெடும்" என்றார். நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அந்த மெஷினில் எல்லோரும் ஒரே பெயரில் வேலை செய்தார்கள், அப்படிச் செய்யச் சொன்னது நான், அதனால் அந்தப் பதிவை வைத்து யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, லீவு நாளில் நடந்த கேன்சலின் விவரம் இது என்று எழுதியிருந்தேன். இன்னொரு பிரதியை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். படித்துவிட்டு, சம்பள பாக்கியை இதைக் காட்டிக் கேட்கலாமா என்று கேட்டார். கேட்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். கேட்டோம். பள்ளி இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தத் தொகையை நானே கொடுக்கிறேன் என்றதற்கு, "நீங்க எதுக்குக் குடுக்கணும் அண்ணே, அவங்கதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

நான் இதே வைத்தியம் செய்துவிட்டு வந்த இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன், கூலி வாங்குவதில்லை. ஒரு மருந்துக்கடையில் கணக்கு முழுக்க வேலையை விட்டுப்போன பையனின் வர்ச்சுவல்ஸ்டோருக்குள் இருந்தது, மாற்றிவிட்டேன். ஒரு ரைஸ்மில்லில் முதலாளி சம்மதிக்கவில்லை. "ஓடுற வண்டிய எதுக்குத் தொடுறீங்க" என்கிறார். அங்கே எல்லா எடைச் சீட்டும் ஒரு கணக்குப்பிள்ளையின் பெயரில்தான் விழுகிறது. முதலாளி ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்காமல் அந்தக் கணக்குப்பிள்ளையிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.